கம்பவுண்டர் எரியவில்லை

கதை பிடிக்காமல் போனால் புத்தகத்தைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மலையில் அப்படியில்லை. கதை சொன்னதற்காக என் கூடையில் போட்ட கொழுந்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். அதுவும் செடியில் கொழுந்தே அகப்படாத மாசி மாதத்தில். இத்தனை வருஷம் கழித்து நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்புகளையெல்லாம் முடித்துவிட்டு, கொஞ்ச காலம் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டிவிட்டு, என் வயசுப் பெண்களுக்கெல்லாம் பிந்தித்தான் நான் கொழுந்துக்குப் போனேன். விரல் பழகவில்லை. பக்கத்து நிரையில் நிற்கிறவள் செடியைத் தொட்டதும் தெரியாது, நகர்ந்ததும் தெரியாது. கை நிறையக் கொழுந்து இருக்கும். நானோ இரண்டு இலையும் அரும்பும் சரியாக இருக்கிறதா என்று பெண் பார்க்க வந்தவளைப் போல ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நான் கடைசி ஆளாகத்தான் போய் நிற்பேன். சொன்ன றாத்தல் வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

எங்கள் கங்காணி கெட்டவர் இல்லை. மீசை பெரிசு, சத்தம் அதைவிடப் பெரிசு. ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "இப்புடியே பறிச்சீன்னா ஒன்னைய புல்லுவெட்டுக்கு அனுப்பிருவேன் புள்ள."

புல்லு வெட்டுவதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் அது எதிர்மலையில். இரண்டு மூன்று வயசானவர்கள், ஆளுக்கொரு மூலையில், குனிந்த தலை நிமிராமல் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். பேச்சுக்கு ஆள் கிடையாது. எனக்கு வாய் சும்மா இருந்தால் காய்ச்சல் வந்துவிடும். எங்கள் கொழுந்து மலையில் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரைக்கும் பேச்சு, கேலி, பாட்டு, சண்டை, சமாதானம். அதை விட்டுவிட்டு எதிர்மலையில் போய் நின்றுகொண்டு இந்தப் பக்கத்துச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

காப்பாற்றியது கம்பவுண்டர்தான்.

என் அண்ணன் ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். பக்கத்துப் புத்தகக் கடைக்கு மதராஸிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் ஏறி இறங்கி வருகிற துப்பறியும் கதைகளில், அட்டை நைந்ததையெல்லாம் அவன் வாங்கி வருவான். அதில் ஒரு வரிசை. யாரோ எழுதியது, இந்தியாவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் நடக்கிற கதை. ஒரு கோயில் குளம், ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் ஸ்டேஷன், ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிற கம்பவுண்டர்தான் துப்பறிகிறவர். துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. கறுப்புக் குடை ஒன்று, மூக்கு ஒன்று. மோந்து பார்த்தே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

முதல் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கம்பவுண்டரின் தம்பி குளத்தில் பிணமாகக் கிடப்பான். யார் கொன்றது என்பது தெரியாது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு புத்தகத்திலும் அவர் வேறொரு திருட்டையோ கொலையையோ கண்டுபிடிப்பார். கடைசிப் பக்கத்தில் மட்டும் தம்பியின் சாவைப் பற்றி ஒரு சின்னத் துப்பு விழும். ஒரு தடவை ஒற்றைச் செருப்பு. ஒரு தடவை முடிச்சுப் போட்ட துண்டு. ஒரு தடவை ஊதுபத்தி வாசம். அந்த ஒரு துப்புக்காகவே அடுத்த புத்தகத்துக்கு ஏங்கவேண்டும்.

ஒருநாள் பறிக்கும்போது பொழுது போகாமல் முதல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்து நிரையில் பெரியம்மா. எனக்குச் சொந்தமில்லை, மலை முழுவதுக்கும் அவர் பெரியம்மா. எங்கள் கூட்டத்தில் அவர் கைக்கு இணையான கை கிடையாது, வாய்க்கு இணையான வாயும் கிடையாது. குளத்தில் பிணம் மிதந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு, பின்னால் விழுந்துவிட்டேனே என்று அவசரமாகப் பறிக்கத் தொடங்கினேன். பெரியம்மா ஒரு கை கொழுந்தை அள்ளி என் கூடையில் போட்டார். "ஒன் கூடைய நான் பார்த்துக்கிறேன். நீ சொல்லு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஒரு அத்தியாயத்துக்கு ஆளுக்கொரு கை. யாரும் பேசி வைக்கவில்லை, அதுவாகவே வழக்கமாகிவிட்டது. கங்காணி முதலில் முறைத்தார். பிறகு, கதை கேட்பதற்காக ஒருத்தரும் பின்தங்காமல் நிரையில் சேர்ந்தே நகர்வதைப் பார்த்தார். மறுநாள் விடிகாலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டில் நிரை பிரிக்கும்போது, எனக்கு நடு நிரையைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் சத்தம் எட்டும் அல்லவா. அவரும் கவ்வாத்துக் கத்தியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நிற்பார். கேட்காதவர் மாதிரிதான் நிற்பார். திடீரென்று, "அந்தச் செருப்பு எடது காலா வலது காலா?" என்பார்.

எங்களில் யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. அதனால் அதை நோர்வூட் கடைத்தெருவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். கதையில் வருகிற மளிகைக்காரருக்கு வழுக்கைத் தலை, காதில் பென்சில். எங்கள் கடைத்தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தார். பாவம், நல்ல மனுசர். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி அவர் கடையில் கருவாடு வாங்குவதையே நிறுத்திவிட்டாள். வேறு ஒருத்தி போனாலும் அவர் கையையே உற்றுப் பார்ப்பாள். அந்த மனுசர் தராசில் ஏதோ குறை சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கூடுதலாகவே நிறுத்துப் போட்டார். அப்படியும் சந்தேகம் தீரவில்லை. இவ்வளவு நல்லவராக ஏன் நடிக்கிறார் என்று கேட்டாள் கருவாட்டுக்காரி.

ஆளுக்கொரு குற்றவாளி இருந்தான். பாதிப் பேருக்கு மளிகைக்காரர். பெரியம்மாவுக்குக் கோயில் மணியக்காரர். ஊதுபத்தி வாசத்தை அவர் விடவே மாட்டார். இளசுகள் டிராயிங் மாஸ்டரை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். கங்காணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர். ஏன் என்று கேட்டால், சும்மா கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை நம்பக்கூடாது என்பார். நாள் முழுக்க நாங்கள் பறிக்க, தான் சும்மா நின்றுகொண்டு அதைச் சொல்வார்.

நான் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். முன்கூட்டியே படிக்கமாட்டேன். அன்றன்றைக்குச் சொல்லவேண்டியதை மட்டும் முதல் நாள் படித்து வைப்பேன். அப்போதுதான் எனக்கும் அவர்களோடு சேர்ந்து நெஞ்சு படபடக்கும்.

அப்படி வருஷக்கணக்காக ஓடியது. ஒரு தை மாதம் அண்ணன் கொண்டுவந்த புத்தகத்தின் பின்னட்டையில், அடுத்ததுதான் கடைசி, தம்பியைக் கொன்றவன் பிடிபடுவான் என்று போட்டிருந்தது. மலையே சிலிர்த்துக்கொண்டது. கொன்றவன் தான் சொன்ன ஆளாக இல்லாவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாகக் கங்காணி சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் நிரபராதியாக இருக்கவேண்டும் என்று எல்லாப் பெண்களும் சாமியை வேண்டிக்கொண்டார்கள்.

மாசியில் புத்தகம் வந்தது. மழை இல்லாத காலம். பனி பட்டுச் செடியெல்லாம் கருகி, கொழுந்து எட்டிப் பார்க்கவே யோசித்தது. அவரவர் றாத்தலுக்கே திண்டாட்டம். அப்படியிருந்தும் ஒருத்திகூடத் தன் கைக் கொழுந்தை நிறுத்தவில்லை. அந்தத் தடவைதான் நான் கூச்சப்பட்டு வேண்டாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. முடிவைத் தெரிந்துகொள்ளாமல் சாகமாட்டேன் என்று ஒருத்தி சொல்லி, தன் கூடையிலிருந்து நல்ல அரும்பாகப் பார்த்து எனக்குப் போட்டாள்.

கடைசி அத்தியாயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பீலித் தண்ணீரில் துணி துவைத்துக் கல்லில் காயப்போட்டுவிட்டு, ஈரப் பாவாடையோடு உட்கார்ந்து படித்தேன்.

இரண்டு தடவை படித்தேன். பக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் பிரித்தும் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அதுவரை ஒரு புத்தகத்திலும் தலைகாட்டாத ஒரு லாரி டிரைவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறான். தம்பியைக் கொன்றது நான்தான் என்கிறான். ஏன் கொன்றாய் என்று கூட யாரும் கேட்கவில்லை. செருப்பு இல்லை, துண்டு இல்லை, ஊதுபத்தி இல்லை. அன்று சாயங்காலமே மருந்துக் கிட்டங்கி தீப்பிடிக்கிறது. உள்ளே போன கம்பவுண்டர் வெந்து மடிந்தார் என்று வாட்ச்மேன் சொல்கிறான். சாம்பலில் குடைக் கம்பி மட்டும் கிடக்கிறது. முற்றும்.

எழுதினவருக்குக் கை வலித்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த வீட்டு விருந்துக்குப் போகிற அவசரத்தில் எழுதி முடித்த மாதிரி இருந்தது. அவர் மட்டும் பீலிக்குப் பக்கத்தில் வந்திருந்தால் அன்றைக்கு நான் துவைத்த துணிகளோடு அவரையும் துவைத்திருப்பேன்.

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். மளிகைக்காரர் என்றால் பெரியம்மா உயிரை எடுப்பார். மணியக்காரர் என்றால் மற்றவர்கள் பெரியம்மாவுக்குப் பயந்து சொன்னதாகச் சொல்வார்கள். அதோடு இத்தனை நாளாக நான் ஒரு வரியையும் மாற்றியதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். முடித்ததும் ஒருத்தி நிதானமாகக் கேட்டாள், "சரி, எரிஞ்சிட்டாரு. மூணாம் நாளு எழுப்பிருவாங்கதான?"

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் தோட்டத்தில் அப்போது காமன் கூத்துக் காலம். மாசி பிறந்ததும் காமன் பொட்டலில் காமனை நட்டு, ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி ஆடி, பௌர்ணமியில் காமனை எரிப்பார்கள். மூன்றாம் நாள் எழுப்பிவிடுவார்கள். வருஷாவருஷம் எரிந்தவன் எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நெருப்பில் போனவன் போனவன்தான் என்று ஒரு கதை சொல்லும் என்பது யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. அடுத்த புத்தகம் எப்போது வரும், அதில்தானே எழுப்புவார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

இனிப் புத்தகம் வராது, முற்றும் என்று போட்டுவிட்டார்கள் என்றேன்.

அப்போதுதான் பிரளயம் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை என்றாகிவிட்டதால் கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு முதல் ஆளாகக் கதை சரியில்லை என்றார். கருவாடு வாங்காதவள் அழுதே விட்டாள். இத்தனை வருஷம் ஒரு நல்ல மனுசன் கடைக்குப் போகாமல் இருந்துவிட்டாளாம். பெரியம்மா மட்டும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இதுக்கா இத்தன நாளு அள்ளிப் போட்டோம்?" என்றார். "எங்க கொழுந்தத் திருப்பிக் குடு."

நான் எங்கே போவேன்? அந்தக் கொழுந்தெல்லாம் வாடி, அரைபட்டு, பெட்டியில் ஏறி, யாரோ ஒரு வெள்ளைக்காரன் கோப்பையில் ஊற்றிக் குடித்தும் முடித்திருப்பான். அப்படியே சொன்னேன். வழக்கமாக என்றால் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மறுநாள் பெரட்டில் கங்காணி என்னை ஓர நிரையில் போட்டார். கதை இல்லாதவளுக்கு நடு நிரை எதற்கு. ஓரத்தில் நின்று பார்த்தால் எதிர்மலை நன்றாகவே தெரிந்தது. புல்லுவெட்டுக்காரர்கள் குனிந்தபடி இருந்தார்கள். கைக் கொழுந்து இல்லாமல், இந்த வறட்சியில் என் றாத்தல் வராது; இன்னும் இரண்டு நாளில் நானும் அங்கேதான் என்று தெரிந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பறித்தேன். ஆத்திரம் தீருமட்டும் பறித்தேன்.

சாயங்காலம் கங்காணி என் கூடையைத் தராசில் மாட்டினார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். பேர் சரி என்றார்.

முழுப்பேர். எனக்கே நம்பிக்கை வரவில்லை. எப்போது பழகியது இந்தக் கை? கதை சொல்கிற மும்முரத்தில் விரல்களை நான் கவனிக்கவே இல்லை. அவை தம்பாட்டில் பெரியம்மாவின் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கின்றன. மறுநாளும் முழுப்பேர். இனி என்னை யாரும் எதிர்மலைக்கு அனுப்ப முடியாது. நான் துள்ளிக் குதித்திருக்கவேண்டும். ஆனால் நடுவில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, நான் ஓரத்தில் நின்றேன். எதிர்மலைக்குப் போகாமலே போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது. 

மூன்றாம் நாள், காலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, ரொட்டியும் தேத்தண்ணியும் முடித்து மறுபடி நிரைக்கு இறங்கியபோது, பெரியம்மா நடுவிலிருந்து சத்தமாகக் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, மலையைப் பார்த்துக் கேட்டார்.

"சாம்பல்ல என்னா கெடைச்சிச்சு? கொடைக் கம்பி. ஆளு கெடைச்சிச்சா?"

எனக்குச் சுரீர் என்றது. காமன் பொட்டலில் ஆண்கள் இரண்டு பக்கமாக உட்கார்ந்து விடிய விடிய வழக்காடுவார்கள். ஒரு பக்கம் காமன் எரிந்தான் என்கிற எரிந்த கட்சி. மறுபக்கம் எரியவில்லை என்கிற எரியாத கட்சி. தப்பு முழங்கப் பாட்டிலேயே மடக்குவார்கள். பெண்கள் தள்ளி நின்று கேட்பதோடு சரி. பெரியம்மா இப்போது கொழுந்துக் காட்டில், பட்டப்பகலில், எரியாத கட்சியை ஆரம்பித்துவிட்டார்.

எரிந்த கட்சிக்கு ஆள் வேண்டுமே. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகம் என்னிடம்தானே இருக்கிறது.

எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு பாசமும் இல்லை. ஆனால் வாய் இரண்டு நாளாகப் பட்டினி. ஓர நிரையிலிருந்தே கத்தினேன்: குடையை விட்டு அவர் எங்கேயும் போகமாட்டார், குடை எரிந்தால் அவரும் எரிந்ததாகத்தான் அர்த்தம். இளசுகளில் இரண்டு பேர் என் பக்கம் சேர்ந்தார்கள். பெரியம்மா விடவில்லை. மருந்து அறைக்குள் போகும்போது ஈரக் குடையை வாசலிலேயே வைப்பது கம்பவுண்டர் பழக்கம், நீதானே சொன்னாய் என்றார். சொன்னேன்தான். மூன்றாவது கதையிலோ நாலாவது கதையிலோ. சரி, வாட்ச்மேன் கண்ணால் பார்த்தானே என்றேன். இந்தத் தடவை நாலைந்து பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள்: அந்த வாட்ச்மேனுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாதே, மாட்டைக் கழுதை என்று சொல்லி அடி வாங்கினவன்தானே. லாரி டிரைவர் ஒப்புக்கொண்டானே என்றேன். காய்ச்சலில் உளறினதற்கெல்லாம் தூக்கா என்று கருவாட்டுக்காரி கேட்டாள். அவளுக்கு மளிகைக்காரர் மேல் மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது, முகமே தெளிந்திருந்தது.

நான் விடாமல் புத்தகத்தைத் தாங்கிப் பேசப் பேச, அவர்கள் விடாமல் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். தோற்கத் தோற்க எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஒருத்தி கூடையைத் தட்டித் தப்படித்தாள். சத்தம் ரோட்டுக்குப் போய், கங்காணிகளுக்கு மேலே இருக்கிற கண்டாக்கு ஐயா ஏறி வந்து என்ன கூச்சல் என்று கேட்டார். காமன் பாட்டுக்குப் பழகுகிறார்கள் என்று கங்காணி முகத்தை மாற்றாமல் சொன்னார். கண்டாக்கு யாழ்ப்பாணத்துக்காரர். பெண்கள் காமன் பாட்டுப் பாடுவார்களா மாட்டார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

தீர்ப்பையும் கங்காணியே சொன்னார். கம்பவுண்டர் எரியவில்லை. கொன்றவன் இன்னும் பிடிபடவில்லை. ஆகவே தன் மீசைக்கும் இப்போதைக்கு ஆபத்தில்லை. அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் எதிர்ப்பு இருந்தது.

சாயங்காலம் மடுவத்தில் என் கூடையை இறக்கி வைத்தேன். நிரம்பியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியம்மா திரும்பி, தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அதன்மேல் வைத்தார். கங்காணி, "அவளுக்குத்தான் பேரு சரியா இருக்கே, இது என்னாத்துக்கு?" என்று கேட்டார்.

"இவளுக்குக் கை பழகி எவ்வளவோ நாளாச்சு. எங்களுக்குத் தெரியாதா?" என்றார் பெரியம்மா. "இது கதைக்கு."

அவருக்குப் பின்னால் நின்றவளும் ஒரு கை போட்டாள். அடுத்தவளும் போட்டாள். நான் அழுதேன். சிரித்துக்கொண்டே அழுததால் மூக்கு வேறு ஒழுகியது. கை பழகாதவள் என்று இரக்கப்பட்டுத்தான் போடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கொழுந்து அது.

மறுநாள் பெரட்டில் கங்காணி எனக்கு நடு நிரையைக் கொடுத்தார். கூடையை மாட்டிக்கொண்டு இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது, சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசிப் புத்தகம் முடிந்துவிட்டது. வேறு புத்தகத்துக்கு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.

பெரியம்மா இரண்டு செடி பறித்தார். பிறகு சொன்னார், "சரி, தப்பிச்ச மனுசன் இப்ப எங்க இருக்காரு? சொல்லு."

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு பக்கமும் கைகள் செடியில் ஓடிக்கொண்டிருந்தன; காதுகள் மட்டும் என் பக்கம் இருந்தன. கங்காணி கத்தியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"கப்பல் ஏறி, கோச்சி ஏறி, ஹட்டன் ஸ்டேசன்ல வந்து எறங்குனாருங்க" என்றேன். "கையில கொடையில்ல. வெளிய நல்ல மழ."

பெரியம்மாவின் கை என் கூடைக்கு வந்தது.